கல்யாண லொறிக்கு எத்தனை இறாத்தல் காற்று

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் கடிதத்துக்கு வழக்கம். நீ நலமாக இருக்கிறாய், உடம்பு வைத்திருக்கிறாய், மீசை முறுக்குகிறாய் என்று கறுப்பையா சொல்லிவிட்டான். நான் நலமா என்று நீ கேட்கப்போவதில்லை. அதனால் அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். பெண் பெரியகங்காணியின் இளைய மகள் பார்வதி. தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேல்கணக்கில் இருக்கிற கங்காணி வீட்டிலிருந்து கொஸ்லந்தக் கோயிலுக்குப் பெண்ணையும் சனங்களையும் தோட்டத்து லொறியில் ஏற்றி, மாப்பிள்ளையாகிய நீயே ஓட்டிக்கொண்டு போகப்போகிறாய். தோட்டத்தில் வேறு டிரைவர் இல்லை என்பது ஒரு காரணம். மாப்பிள்ளையே லொறி ஓட்டி வந்து பெண்ணைக் கூட்டிப்போனான் என்று வெலிமடைவரைக்கும் பேச வேண்டும் என்பது உன் மாமனாருக்கு இன்னொரு காரணம். பதுளைக் கடைவீதியில், முதலாளியின் சாக்குக் கடைக்குப் பின்புறம் டியூப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. பெற்றவனுக்கு வெற்றிலை பாக்கு வராவிட்டாலும் சேதி வந்துவிடுகிறது.

அழைக்கவில்லை என்று சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. அழைத்திருந்தால் எங்கே உட்கார வைப்பாய்? உன் மாமனார் பக்கத்திலா? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாயசம் குடிக்க என்னால் முடியாது. நான் எழுதுவது ஒரே ஒரு சங்கதிக்காக. போன வாரம் தோட்டத்துக்குச் சாமான் வாங்க வந்த கறுப்பையா, பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "லொறியைக் கழுவி, சக்கரத்துக்கு வெள்ளை அடிச்சி, காத்தைக் கல்லு மாதிரி அடிச்சி வைக்கணும்னு கங்காணி சொல்லிட்டாருண்ணே. மாப்பிளையும் சரின்னுட்டாரு." அந்தச் சரியைக் கேட்டுத்தான் இந்தக் காகிதத்தை வாங்கினேன். அந்தப் பாதையில், தை மாதச் சேற்றில், அவ்வளவு காற்றோடு, சனத்தை ஏற்றிக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊவா மாகாணம் முழுவதிலும் என்னைவிடத் தெரிந்தவன் எவனும் கிடையாது. உன் அம்மா அப்படித்தான் செத்தாள்.

நான் குடித்துவிட்டு ஓட்டியதால் செத்தாள் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை நீயும் நம்பினாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னை நீ நம்பாவிட்டாலும் டயர் பொய் சொல்லாது.

நம் தோட்டத்துக்கு முதலில் வந்த லொறியின் சக்கரத்துக்குக் காற்றே கிடையாது. கட்டி ரப்பர். காய்ந்த நாளில் அதை ஓட்டினால் பல் ஆடும். மழை நாளில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கீழே இருக்கிற முதல் இறக்கத்திலேயே புதைந்துபோகும். மாட்டு வண்டிக்காரர்கள் வந்து, மாட்டைக் கட்டி இழுத்துவிட்டு, லொறிக்குச் சளி பிடித்திருக்கிறது, மூக்கில் தைலம் தடவு என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிறகுதான் காற்றடைத்த சக்கரத்தோடு இப்போது நீ ஓட்டுகிற லொறியின் அண்ணன் வந்தது. கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக், பின்சக்கரத்துக்கு அறுபது இறாத்தல், முன்சக்கரத்துக்கு ஐம்பது என்று சொல்லி, காற்றை அளக்க, பென்சில் மாதிரி ஒரு கேஜையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் சொன்னது கல்பாவிய பெரிய ரோட்டுக்குச் சொன்னது. அவனுக்கு நம் பாதை தெரியாது. துரைக்குப் பாதை தெரியும், ஆனால் அவருக்குக் குதிரை இருந்தது. ஆகவே நான் ஒருத்தன்தான் அறுபது அறுபது என்று அடித்துக்கொண்டு, மழைக்கு மழை வழுக்கிக்கொண்டு கிடந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், உன் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போகிற வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் சேற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சக்கரம் சுற்றுகிறது, லொறி நகரவில்லை. சேறு அவள் சேலைவரைக்கும் தெறிக்கிறது. அவள் நகராமல் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேத்துல நடக்கறப்ப நாம வெரலை விரிச்சித்தானே காலை வைக்கிறோம். இது வெரலை மடக்கிக்கிட்டு நடக்கப் பாக்குது. எப்பிடிங்க நிக்கும்?" எனக்குக் கோபம்தான் வந்தது. கொழுந்து பறிக்கிறவளுக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவள் போன பிறகு, வேறு வழியில்லாமல், ஒரு தீக்குச்சியை வால்வுக்குள் விட்டுக் காற்றை இறக்கினேன். நாற்பதுக்கு வந்தது. டயர் அடியில் கொஞ்சம் பரந்து உட்கார்ந்தது. ஏறி ஓட்டினேன். லொறி ஒன்றுமே நடக்காததுபோல் மேலே வந்தது. அன்றைக்கு அவளிடம் போய் நீ சொன்னது சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இராத்திரி என் உள்ளங்கையில் பம்ப்பு அடித்த கொப்புளத்துக்கு எண்ணெய் தடவும்போது சிரித்துக்கொண்டே தடவினாள்.

கொப்புளம் ஏனென்றால், காற்றை இறக்குவது ஒரு வேலை, திரும்ப அடிப்பது பத்து வேலை. பாதை முடிந்து பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் லொறியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கைப்பம்ப்பால் திரும்பவும் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்குப் பயந்துதான் பாதி டிரைவர்கள் இறக்குவதே இல்லை. மீதிப் பேர் இறக்கிவிட்டு, அடிக்காமல் அப்படியே அப்புத்தளைவரைக்கும் ஓட்டுவார்கள். கல்ரோட்டில் காற்றுக் குறைந்து சப்பிய டயர் ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, அங்கே போய்ச் சேருவதற்குள் வெடிக்கும். அப்புறம் டயர் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்படி வெடித்த டியூப்புகள்தான் இப்போது எனக்குச் சோறு போடுகின்றன.

இதையும் கேட்டுக்கொள். நாற்பது என்றால் பின்சக்கரத்துக்கு. முன்சக்கரத்தை முப்பத்தைந்துக்குக் கீழே விடாதே. இன்னும் இறக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு ஆசை வரும். அந்த ஆசையில் நான் ஒருமுறை இருபத்தைந்துக்கு இறக்கி, டயர் ஓரிடம், ரிம் ஓரிடம் என்று சுற்றி, வால்வின் கழுத்து அறுந்து, பெட்டிகளை எல்லாம் மழையில் இறக்கிவைத்துவிட்டு நின்றிருக்கிறேன். காற்றைக் காலையில் குளிரோடு அளக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகோ ஓடி நின்ற பிறகோ அளந்தால் கேஜ் கூட்டிக் காட்டும். அதை நம்பி இறக்கினால் ஏமாந்துபோவாய். பாரம் ஏறிய பிறகு இறங்கிப்போய் டயரின் வயிற்றைப் பார். இடது வலது ஒரே மாதிரி பிதுங்கி இருக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துப் பிடிக்காதே. சிறிய கியரில் போட்டு எஞ்ஜினே பிடிக்கும்படி விடு. இதெல்லாம் தேயிலைப் பெட்டிக்கு. சனத்தை ஏற்றினால் இன்னொன்று இருக்கிறது. பெட்டி அசையாது, கல்யாணக் கூட்டம் அசையும். வளைவில் பள்ளம் தெரிந்ததும் எல்லாரும் ஐயோ என்று ஒரே பக்கம் எட்டிப்பார்ப்பார்கள். அந்தப் பாரத்துக்கும் சேர்த்து நிலத்தைப் பிடிக்கிற சக்கரம் வேண்டும்.

இவ்வளவும் உனக்குத் தெரிந்திருக்கும். நீ என் மகன், அதோடு இரண்டு வருஷமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறாய். மற்ற நாளில் காற்றை இறக்கித்தான் ஓட்டுகிறாய் என்றும் கறுப்பையா சொன்னான். அப்படியானால் கல்யாணத்துக்கு மட்டும் ஏன் கல்லு மாதிரி? ஏனென்று எனக்குத் தெரியும். லொறி வந்த சில வருஷத்துக்குள்ளேயே அதற்கு ஒரு சகுனத்தையும் நம் சனம் பெற்றுப்போட்டுவிட்டது. கல்யாணப்பெண் ஏறி உட்கார்ந்ததும் சக்கரம் சப்பி நின்றால், அவள் புகுந்த வீட்டுக்குப் பாரமாகப் போகிறாள் என்று அர்த்தமாம். சக்கரம் நிமிர்ந்து நின்றால் இலேசாகப் போகிறாளாம். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எந்தச் சாஸ்திரத்திலும் இருக்க முடியாது, சாஸ்திரம் எழுதிய காலத்தில் டயர் இல்லை. ஆனாலும் தோட்டம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. முகூர்த்தமும் அப்படித்தான். கடல் தாண்டி வரும்போது மதுரைப் பக்கத்துக் கணக்கையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அங்கே தை மாதம் அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும். இங்கே தை மாதம் மழை விட்டும் விடாத மாதம். கங்காணிக்கு நல்ல நாள் என்பது பாதைக்குக் கெட்ட நாள்.

அவருடைய மூத்த மகளின் கல்யாணமும் தையில்தான் வந்தது. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மேளக்காரர்களோடு முன்னாலேயே நடந்து போய்க் கொஸ்லந்தக் கோயிலில் காத்துக்கொண்டு நின்றாய். ஆகவே மேலே என்ன நடந்தது என்பதை நீ பார்க்கவில்லை. விடியற்காலை நான் காற்றை நாற்பதுக்கு இறக்கி வைத்தேன். கங்காணி வந்து சக்கரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அடிக்கச் சொன்னார். மழைப்பாதைக்கு இதுதான் சரி, ஐயா, பெரிய ரோட்டில் போய் அடித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னார். நானும் இலையில் போய் உட்கார்ந்தேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய ஆட்கள் பம்ப்பை எடுத்து அடித்தார்கள். கேஜ் என் மடியில் இருந்தது, அவர்களுக்குக் கணக்கும் தெரியாது. கைக்கு அமுங்காத மட்டும் அடித்திருக்கிறார்கள்.

வந்து பார்த்தபோது பெண் ஏறியாகிவிட்டது. சனம் ஏறியாகிவிட்டது. சக்கரத்தைச் சுற்றி மாலை கட்டி மறைத்திருந்தார்கள். ஓட்ட ஆரம்பித்ததும் ஸ்டியரிங் கையில் இலேசாக ஆடியது. பின்பக்கம் சொன்னபடி கேட்காமல் ஒரு பக்கமாக நடக்கப்பார்த்தது. முதல் இறக்கத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். இறங்கி மாலையை விலக்கிப் பார்த்தேன். தீக்குச்சியை எடுத்து வால்வில் வைத்தேன். புஸ் என்று சத்தம் வந்ததும் கங்காணி குதித்து இறங்கினார்.

"பொண்ணு ஏறி உக்காந்த பெறகு காத்தை எறக்குறியாப்பா? என் மகளைப் பாரம்னு ஊருக்கெல்லாம் சொல்றியா?" என்றார்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணின் அத்தை அழ ஆரம்பித்தாள். என்னால் விட்டுக்கொடுக்க முடியாது, ஐயா, இப்படி இறங்கினால் சறுக்கும் என்று சொன்னேன். எனக்குத் துணையாக நிற்க அங்கே ஒரு ஆள் இல்லை. அவர் என்னை எதுவோ சொன்னார், அதை எழுதமாட்டேன். அவர் அப்படிச் சொன்னதும் பின்னால், லொறியின் கடைசிப் பலகையில், சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அம்மா குரல் கொடுத்தாள்.

"விட்டுருங்க. நல்ல நேரம் போவுது. மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது."

மகனே, இதுவரைக்கும் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. விரலை விரித்து நடக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அதைச் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் சொல்லவில்லை. நல்ல நேரத்துக்காகவும் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் ஒருவன் தன் புருஷனைக் கேவலமாகப் பேசுவதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தப் பேச்சு நின்றால் போதும் என்று நினைத்தாள். நான் தீக்குச்சியை எறிந்துவிட்டு ஏறி ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓட்டினேன். மெதுவாக ஓட்டுவது அதற்கு மருந்தே இல்லை. சறுக்குகிற இறக்கத்தில் மெதுவாகப் போகவேண்டுமானால் பிரேக்கைப் பிடிக்க வேண்டும், பிடித்தால் சக்கரம் நிற்கும், லொறி நிற்காது. சவுக்கு மரத்து முடக்கு வளைவில் பின்பக்கம் வெளியே போனது. சனம் ஒரே பக்கம் சாய்ந்தது. ஒரு சக்கரம் கரையை விட்டு இறங்க, கடைசிப் பலகை கழன்றது. கீழே பாறை. மற்றவர்களுக்குக் கை, கால் போனது. உன் அம்மாவுக்குத்தான் எல்லாம் போனது.

கங்காணி நல்லவர், கெட்டவர் என்று நான் பிரித்துப் பேசவில்லை. தன் மகளின் கை முறிந்து கிடந்ததைப் பார்த்து அந்த மனிதர் அழுதது உண்மை. அழுது முடித்ததும் யோசித்ததும் உண்மை. காற்றை அடிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி துரை பங்களாவிலிருந்து வருவதற்குள் அவர் பதிலை எடுத்து வைத்துவிட்டார். மேளக்காரர்களுக்கென்று வாங்கிய சாராயப் போத்தலைப் புறப்படும்போதே என் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். வைத்தது அவருடைய ஆட்கள். அது உடைந்து சீட்டெல்லாம் நனைந்து கிடந்தது. துரை வந்து மோந்து பார்த்தார். அதற்குமேல் அவருக்கு விசாரணை வேண்டியிருக்கவில்லை. நீயும் கோயிலிலிருந்து ஓடி வந்து அந்தப் போத்தலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை இன்றுவரைக்கும் வைத்திருக்கிறாய். அன்றைக்கு நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதற்குப் பிறகு தொட்டேன். நாள் முழுவதும் தொட்டேன். பிறகு குடித்ததைக் காட்டி முன்பே குடித்தவன் என்று ஆக்க அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை.

அவர் உன்னை எடுத்துக்கொண்டு போய் வளர்த்தார். தன் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சோறு போட்டார், லொறி பழகவிட்டார், இப்போது பெண்ணும் கொடுக்கிறார். மனச்சாட்சி குத்தித்தான் செய்தாரா, உன்மேல் பாசத்தில் செய்தாரா என்று நான் கேட்கமாட்டேன். அந்தச் சோறு உனக்கு வேண்டியிருந்தது, என்னால் போட முடியவில்லை. ஆனால் நீ அவரை அப்பா என்று கூப்பிடுகிறாய் என்று கறுப்பையா சொன்ன அன்றைக்கு, நான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த டியூப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன். முதலாளி கேட்டதற்குக் கை வழுக்கிவிட்டது என்று சொன்னேன்.

இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்கலாம். கேட்டால் பதில் இதுதான். உண்மையைச் சொன்னால் அதன் கடைசியில் உன் அம்மா வந்து நிற்பாள். கங்காணி காற்றடித்தார் என்றால், நீ ஏன் ஓட்டினாய் என்று கேட்பார்கள். ஏன் ஓட்டினேன் என்றால், அவள் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். செத்துக் கிடக்கிறவளை இழுத்து நடுவில் விட என்னால் முடியவில்லை. அவள் சொன்னது லொறியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருவரும் சொல்லவில்லை. செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாதாம். உயிரோடு இருக்கிறவனைச் சொல்லலாம், அதற்குத் தடையில்லை. இன்றைக்கு உன்னிடம் மட்டும் சொல்கிறேன் என்றால், என் பெயரைக் கழுவிக்கொள்வதற்காக இல்லை. என் பெயர் இனி வெளுக்காது, வெளுத்தாலும் அதை உடுத்திக்கொண்டு எங்கும் போகப்போவதில்லை. பார்வதிக்காகச் சொல்கிறேன்.

ஏனென்றால் இது திரும்பவும் அப்படியே நடக்கும். நீ விடியற்காலை இறக்கி வைப்பாய், யாராவது அடிப்பார்கள். அல்லது சரி என்று சொன்ன வாய்க்காக நீயே அடிப்பாய். இறக்கத்துக்கு முன்னால் உன் கைக்குத் தெரியும். அந்த ஸ்டியரிங் ஆடுவதை எந்த டிரைவரின் கையும் தவறவிடாது. நீ நிறுத்துவாய், மாமனார் கத்துவார். உன்மேல் ஆசை வைத்திருக்கிற பெண், உனக்கு அவமானம் வரக்கூடாதே என்று, பின்னாலிருந்து மெதுவாக ஓட்டுங்க என்று சொல்வாள். உனக்குப் பிரியமானவள் சொல்வதால் அது உனக்குச் சரி என்று படும். அந்த நேரத்தில் அவள் சொல்வதைக் கேட்காதே. என் வாழ்நாளில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதைத்தான் உனக்குக் கல்யாணச் சீராகத் தர முடிகிறது. கல்யாண நாளில் பெண்டாட்டி பேச்சைத் தட்டினான் என்று சிரிப்பார்களே என்றால் சிரிக்கட்டும். அவள் உன்னோடு கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். பேசாமல் இருப்பதற்கு ஆள் வேண்டுமே.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல்நாள் சாயங்காலமே தோட்டத்துக் கைப்பம்ப்பைக் கறுப்பையாவிடம் கொடுத்துக் கீழே அனுப்பிவிடு. மேலே பம்ப்பே இல்லையென்றால் எவனும் அடிக்க முடியாது, ஊதித்தான் பார்க்க வேண்டும். விடியற்காலை குளிரோடு அளந்து, பின்னால் நாற்பது, முன்னால் முப்பத்தைந்து. மாலை கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் வால்வை மறைக்க விடாதே. சாப்பிடப் போகச் சொன்னால் போகாதே, பசியோடு ஓட்டு. கங்காணி கேட்டால், கோயில் வாசலில் சக்கரம் நிமிர்ந்து நிற்கும், அதற்கு நான் பொறுப்பு என்று சொல். அவருக்கு ஊர் பார்க்கிற இடத்தில் நிமிர்ந்து நின்றால் போதும். மேலே காட்டில் சக்கரம் எப்படி இருந்தது என்று அட்டைகளுக்குத்தான் தெரியும்.

பட்டு வேட்டியோடு நீ இறங்கிக் காற்றடிக்க வேண்டாம். பாதை பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் நான் பம்ப்போடு நிற்கிறேன். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். முதல்நாளே வந்து கொஸ்லந்தக் கடைப்பக்கம் எங்காவது படுத்துக்கொள்வேன். கோயில் பக்கம் வரமாட்டேன். நீ லொறியை ஓரமாக நிறுத்து, இறங்காதே, என்னைப் பார்க்கவும் வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் நான் அடித்து, கேஜ் வைத்துப் பார்த்து, பலகையில் ஒரு தட்டுத் தட்டுவேன். தட்டியதும் போ. யார் அந்தக் கிழவன் என்று பார்வதி கேட்டால், கூலிக்கு வந்தவன் என்று சொல். எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், பொய் எழுத வரவில்லை. வருத்தம்தான். இருந்தாலும் அப்படியே சொல்.

பதில் எழுத வேண்டாம். உன் எழுத்து எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. மேலேயிருந்து லொறி இறங்கி வரும்போது சக்கரத்தின் வயிற்றைப் பார்ப்பேன். பிதுங்கியிருந்தால் நீ என்னை நம்பினாய். கல்லு மாதிரி நின்றால் இதை வாசிக்காமல் கிழித்துவிட்டாய், ஆனாலும் தப்பி வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்வேன். லொறி வரவே இல்லையென்றால் நான்தான் மேலே ஏறி வர வேண்டும். அந்தப் பாதையில் என்னை ஏற வைக்காதே, ராசா.

உன் அப்பா